சுற்றுச்சூழல் பொறியியலை இளநிலையிலேயே எடுக்கலாமா, சிவில் படித்துவிட்டு முதுநிலையில் எடுக்கலாமா?

கேள்வி: பென்னாகரம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த நான், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருக்கிறேன். கட்-ஆஃப் 165 அளவில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் சுற்றுச்சூழல் பொறியியலை முதல் விருப்பமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். வீட்டில் ஒருவரும் இதற்கு இசையவில்லை.

ஏன் இந்தப் படிப்பைக் கேட்கிறேன் என்பது தெரிந்தால் பதில் சொல்வது உங்களுக்கு எளிதாக இருக்கும் என்பதால் அதையும் எழுதுகிறேன். எங்கள் பாட்டிக்கு ஐம்பது வயதைத் தாண்டியதுமே முழங்கால்கள் வளைந்து, முதுகு விறைத்துப்போனது. காட்டு வேலை செய்து தேய்ந்த உடம்பு, அதனால்தான் இப்படி என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். என் அக்காவுக்கும் எனக்கும் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று சிறு வயதில் இருவரும் திட்டு வாங்கியிருக்கிறோம். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஊரின் பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சில துளி வேதிப்பொருளைச் சேர்த்து, மாறிய நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டு, இதில் ஃபுளூரைடு அளவுக்கு மேல் இருக்கிறது என்று காட்டினார்கள். பாட்டியின் முழங்காலையும் என் பல்லையும் அந்தச் சிறிய கண்ணாடிக் குழாய்க்குள் பார்த்தது போல இருந்தது. இப்போது ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் ஊருக்கு வருகிறது. வராத நாட்களில் மக்கள் மறுபடியும் அதே போர் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள்.

அப்பா கேழ்வரகும் மரவள்ளியும் பயிரிடுகிறார். நான் எதைப் படித்தாலும் சம்மதம், ஆனால் படித்து முடித்ததும் வேலை இருக்க வேண்டும் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மாமா கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்கிறார். எங்கள் இயற்பியல் ஆசிரியை, முதலில் சிவில் படி, பிறகு எம்.இ.யில் சுற்றுச்சூழலை எடு என்று சொல்கிறார். இந்தத் துறையில் படித்தவர்களையோ வேலை செய்பவர்களையோ நான் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. இந்தப் படிப்பில் உண்மையில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆசிரியை சொல்லும் வழிதான் சரியா, படித்தவர்கள் எங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்பதை அனுபவத்திலிருந்து யாராவது சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பதில்: கிருஷ்ணகிரி நீர்ப் பொறியாளர்

தங்கைக்கு வணக்கம். நான் கிருஷ்ணகிரிக்காரி. சிவில் முடித்து, எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் படித்து, பதினொரு ஆண்டுகளாகக் குடிநீர்த் திட்டங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் ஆசிரியை சொன்னதுதான் என் பதிலும். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் குடிக்கும் ஒகேனக்கல் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவருவதற்காக உருவானது. அதன் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது; ஃபுளூரைடு மிகுதியால் பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்தான் ஃபுளூரோசிஸ். கவனித்துப் பாருங்கள், அந்தத் திட்டத்தில் யாரும் நம் கிணற்று நீரிலிருந்து ஃபுளூரைடை நீக்கவில்லை. ஃபுளூரைடு குறைவாக உள்ள ஆற்று நீரைச் சுத்திகரித்து, பள்ளத்தில் ஓடும் ஆற்றிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்றி, ஆயிரக்கணக்கான ஊர்களின் தொட்டிகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். இதைச் செய்ய நீரியல் வேண்டும், குழாயில் நீர் ஓடும்போது உராய்வால் எவ்வளவு அழுத்தம் இழக்கும் என்ற கணக்கு வேண்டும், நில அளவை வேண்டும், தொட்டி எழுப்பக் கட்டமைப்பியல் வேண்டும். இவை எல்லாம் சிவில் படிப்பின் உள்ளே இருப்பவை. நான் ஒவ்வொரு நாளும் போடும் கணக்குகளில் பாதிக்கு மேல் இளநிலையில் கற்றவை என்பதால்தான் சிவிலைச் சொல்கிறேன்.

இனி அதே சிக்கலின் மறுபாதிக்கு வருவோம். ஆற்று நீர் எட்டாத ஒரு குக்கிராமத்தில், அல்லது நீங்கள் சொன்னது போலக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில், கிணற்று நீரையே குடிக்கும்படி ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேதியியல் தெரியாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. நம் பகுதியின் அடியில் கிடக்கும் நைஸ், கிரானைட், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகளில் பயோடைட், அப்படைட் போன்ற ஃபுளூரைடு கொண்ட கனிமங்கள் கலந்திருக்கின்றன. காரத்தன்மை மிகுந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடி, கால்சியம் குறைந்த நீர் அந்தப் பாறையோடு நெடுங்காலம் தங்கும்போது ஃபுளூரைடு அதில் கரைந்து சேர்கிறது. கால்சியம் போதுமான அளவு இருந்தால் அது ஃபுளூரைடைப் பிடித்துக்கொண்டு படிந்துவிடும். இதனால்தான் பல இடங்களில் ஆழமாகத் துளையிடத் துளையிட நிலைமை மோசமாகிறது. தண்ணீர் கிடைத்துவிட்டது என்று மகிழ்கிறோம், அந்தத் தண்ணீர் எத்தனை காலம் பாறையோடு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளூரைடு வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கத்தக்கது. கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம் ஊர்களில் இன்றும் நம்புகிறார்கள். கொதிக்கும்போது நீர் ஆவியாகிப்போகும், ஃபுளூரைடு அப்படியே நிற்கும், ஆகவே மிஞ்சிய நீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

நீக்குவதற்கு வழிகள் உண்டு. நாக்பூரில் உள்ள நீரி என்னும் தேசிய ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துக் கலக்கி, திரண்டு வரும் மண்டியைப் படியவைத்து வடிகட்டுகிறார்கள். ஃபுளூரைடைத் தன் பரப்பில் பிடித்துக்கொள்ளும் ஊக்குவிக்கப்பட்ட அலுமினாவின் வழியே நீரைச் செலுத்துவது இன்னொரு முறை. ஆர்.ஓ. இயந்திரத்தை எல்லோருக்கும் தெரியும். முதுநிலையில் எங்கள் பேராசிரியர் ஒருவர் இந்த மூன்றையும் விளக்கி முடித்ததும் வகுப்பைப் பார்த்து, நீக்கிய ஃபுளூரைடு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் வரவில்லை. நல்கொண்டா முறையில் அது அலுமினியம் கலந்த மண்டியில் இருக்கிறது. அந்த மண்டியை எங்கே கொட்டுவது? அலுமினாவை மறுபடி பயன்படுத்த எரிசோடாவால் கழுவுகிறோம்; அந்தக் கழுவு நீர் எங்கே போகிறது? ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல நீரைக் கொடுத்துவிட்டு, ஃபுளூரைடு செறிந்த நீரைப் பின்பக்கம் வெளியேற்றுகிறது. அதைத் தெருவில் விட்டால் மறுபடி நிலத்துக்குள்தானே இறங்கும்? இந்தத் துறையின் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. காற்று மாசில் வடிகட்டிய தூசி எங்கே போகிறது, திடக்கழிவில் குப்பையிலிருந்து வடியும் சாறு எங்கே போகிறது என்று அது உருமாறிக்கொண்டே போகும். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, மிச்சம் எங்கே நிற்கிறது என்ற பொருள் சமநிலைக் கணக்கைப் போடுவதுதான் முதல் பயிற்சி.

நிபந்தனை இதுதான். சிவில் படிப்பில் குடிநீர், கழிவுநீர் பற்றி ஓரிரண்டு தாள்களும் ஓர் ஆய்வகமும் வரும். மற்றவை கான்கிரீட், எஃகு, மண் இயக்கவியல், சாலை. அவற்றை நான்கு ஆண்டுகள் ஆர்வம் குறையாமல் படிக்க முடியும் என்று தோன்றினால் மட்டும் சிவிலை எடுங்கள். உங்களை ஈர்த்தது அந்தக் கண்ணாடிக் குழாயில் மாறிய நிறம்தான் என்றால், நீங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.


பதில்: ஓசூர் கழிவுநீர்ப் பிரிவு

மேலே எழுதிய சகோதரி சொன்ன வேதியியல் முழுவதும் சரி. படிப்புத் தேர்வில் மட்டும் என் அனுபவம் வேறு. நான் இளநிலையிலேயே சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவன். ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வேலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். பென்னாகரத்திலிருந்து பேருந்தில் வந்து சேரும் தூரத்தில் இருக்கும் ஓசூரிலேயே, உலோகப் பூச்சு, வாகன உதிரிபாகம், மருந்து, உணவு என்று எத்தனையோ ஆலைகள் இருக்கின்றன. கழிவுநீரை வெளியேற்றும் ஆலைக்கு அதைச் சுத்திகரிக்கும் கடமை உண்டு, அதைக் கவனிக்க ஆட்கள் வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகிய மூன்றும் இருக்கும்வரை இந்த வேலைக்குத் தேவை குறையப்போவதில்லை.

நாள்தோறும் என்ன செய்கிறோம் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். குரோமியப் பூச்சு வேலையிலிருந்து வரும் நீர் மஞ்சளாக இருக்கும். அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வடிவம். அமிலம் சேர்த்துப் பி.எச். அளவை 2, 3க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட்டைச் சேர்த்தால், சிறிது நேரத்தில் மஞ்சள் மறைந்து பச்சை வரும். மூன்று இணைதிறன் வடிவத்துக்கு அது மாறிவிட்டது என்று பொருள். பிறகு சுண்ணாம்பு சேர்த்துப் பி.எச். அளவை 8, 9க்கு ஏற்றினால் குரோமியம் மண்டியாகப் படியும். முதல் கட்டம் முழுமையாக முடியாமல் சுண்ணாம்பைச் சேர்த்துவிட்டால், மாறாமல் நின்ற குரோமியம் படியாமல் நீரோடு போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஆக்சிஜனேற்ற ஒடுக்கம் எனக்கு ஒவ்வொரு நாளும் உயிரோடு நடக்கிறது. இதில் வரும் மண்டியைக் குப்பையில் போட முடியாது. அது அபாயகரக் கழிவு என்பதால் கணக்கு எழுதி, மூட்டை கட்டி, இத்தகைய கழிவைப் புதைக்க அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். சகோதரி குறிப்பிட்ட 'எங்கே போகிறது' என்ற கேள்விக்கு எங்கள் ஆலையில் ஒரு பதிவேடே இருக்கிறது.

கரிமக் கழிவு வேறு விதமானது. கிருஷ்ணகிரியின் மாம்பழக் கூழ் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஓடுபவை. பழச்சாறும் சர்க்கரையும் கலந்த கழிவுநீரை உண்டு செரிக்கும் நுண்ணுயிர்களைக் காற்றூட்டும் தொட்டியில் வளர்க்க வேண்டும். பருவம் முடிந்து ஆலை நின்றால் அவற்றுக்கு உணவு இல்லை. அடுத்த பருவத்துக்கு மாட்டுச் சாணக் கரைசலை விதையாக ஊற்றி, வெல்லம் கொடுத்துப் பழக்கி, யூரியாவும் டி.ஏ.பி.யும் சேர்த்து மறுபடி வளர்ப்பார்கள். கழிவைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை நூறு பங்கு என்றால் நைட்ரஜன் ஐந்து பங்கும் பாஸ்பரஸ் ஒரு பங்கும் வேண்டும் என்று பாடநூலில் ஒரு விகிதம் உண்டு. பயிருக்கு உரம் வைக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உயிரியல் படித்திருக்கிறீர்கள் என்பது இந்த இடத்தில் பெரிய பலம். சிவில் படித்து வந்த என் நண்பர்கள் பலர் நுண்ணுயிரியலில்தான் திணறினார்கள்.

ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் முதலில் சேர்ந்த ஓர் ஆலையில், மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் காற்றூட்டியை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். ஆக்சிஜன் இல்லாமல் நுண்ணுயிர்கள் சாகும். காலையில் தொட்டி கறுத்து நாறும். நீர்நிலையில் விடும் நீருக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பை அந்த நீரால் எட்டவே முடியாது. அளந்ததை அளந்தபடியே எழுதினேன். எண்ணை மாற்றி எழுதச் சொன்னபோது மறுத்தேன். சில மாதங்களில் அங்கிருந்து விலகினேன். சம்பளம் இல்லாமல் இரண்டு மாதம் வீட்டில் இருந்தது கடினமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்துக்கு மேலே பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. இந்தப் படிப்பை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் இப்படி ஒரு சூழ்நிலை வரும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு வாருங்கள். கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறக்கும்போது தென்பெண்ணையில் நுரை மலை போலப் பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பெங்களூரு பக்கத்துக் கழிவுநீரில் கலந்து வரும் சோப்பும் சலவைப்பொடியும் அந்த நுரைக்குப் பெருங்காரணம். மேலே எங்கோ சிலர் செய்யாமல் விட்ட வேலைதான் கீழே நம் ஆற்றில் நுரையாக வந்து நிற்கிறது.


பதில்: பாலக்கோடு வேதிப் பொறியாளர்

இருவரும் விட்டுவிட்ட மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டும் முதுநிலையில் சுற்றுச்சூழல் பொறியியலுக்குப் போகலாம். வினைகளும் பிரித்தெடுக்கும் முறைகளும் பிடித்தவர்களுக்குச் சிவிலைவிட அது இயல்பாகப் பொருந்தும். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் என்று ஒரு பி.டெக். படிப்பும் உண்டு, அது பொறியியல் கலந்தாய்வில் வராது, வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதை அறியாமலேயே தவறவிடுகிறார்கள்.

அரசு வேலை மனத்தில் இருந்தால் ஒன்றை இப்போதே செய்துவிடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறியியல் பணிகள் ஆகியவற்றின் பழைய அறிவிப்புகளை எடுத்து, உதவிப் பொறியாளர் பதவிக்கு எந்தெந்தப் பட்டங்களைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். அறிவிப்பில் இருக்கும் பட்டப் பெயரும் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், இணையானது என்று நிரூபிக்க அலைய நேரிடும். முதுநிலைக்குப் போக நினைத்தால், கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தை இப்போதே ஒரு முறை பார்த்தால், இந்தத் துறைக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்பது எங்கள் பதில்களைவிடத் தெளிவாகத் தெரியும்.


பென்னாகரம் மாணவி:

அக்காவுக்கும் அண்ணன்கள் இருவருக்கும் மிக்க நன்றி. ஓசூர் அண்ணன் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெல்லமும் சாணமும் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னார். எனக்கு இன்னும் இரண்டு கவலைகள் இருக்கின்றன. இதுவரை எல்லாவற்றையும் தமிழில்தான் படித்திருக்கிறேன். கல்லூரியில் ஆங்கிலத்தில் தொடர முடியுமா என்று பயமாக இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் வழி என்ன என்பதும் தெரியவில்லை. பெண்கள் இந்த வேலையில் களத்துக்குப் போக முடியுமா என்று பாட்டி கேட்கிறார்.


பதில்: அரூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். உன் கேள்விகளில் என்னால் சொல்ல முடிந்தவற்றைச் சொல்கிறேன்.

கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இட ஒதுக்கீட்டை 2021இல் சட்டமாக்கினார்கள். அதன் கீழ்ச் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உன் வங்கிக் கணக்குக்கு வரும். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு வகுப்பையும் எந்தப் பள்ளியில் படித்தாய் என்ற விவரத்தைப் பிழையில்லாமல் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்.

மொழியைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியிலும் நடத்துகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. ஆனால் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், பட்டம் கேட்கும் பதவிக்குப் பள்ளி முதல் அந்தப் பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். ஆகவே அரசுப் பொறியாளர் பணியே குறிக்கோள் என்றால், தமிழ் வழிச் சிவில் என்பதை நீயும் உன் அப்பாவும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய ஒரு வழி. ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்தாலும் அஞ்சாதே. என்னிடம் தமிழில் படித்துப் பொறியியலுக்குப் போனவர்கள் முதல் இரண்டு பருவங்கள் சிரமப்பட்டார்கள், மூன்றாவது பருவத்தில் தேறினார்கள். பாடத்தைத் தமிழில் ஐயமறப் புரிந்துகொண்டவருக்கு ஆங்கிலச் சொல்லைப் பழகிக்கொள்வது மட்டும்தான் மிச்சம். புரியாமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவரின் நிலை அப்படியல்ல. பாட்டி கேட்டதற்கு நீர்ப் பொறியாளர் அம்மாவே பதில் சொல்வது பொருத்தம்.

விருப்பப் பட்டியலைக் கொடுக்கும் நாள் வர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன அல்லவா? அதற்குள் ஒரு வேலை செய். உன் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக எட்டுப் பத்து இடங்களில் தண்ணீர் எடு. ஆழ்துளைக் கிணறு, திறந்த கிணறு, ஏரி, ஒகேனக்கல் குழாய் எல்லாம் கலந்திருக்கட்டும். ஃபுளூரைடுக்குக் கண்ணாடிப் புட்டி வேண்டாம், பிளாஸ்டிக் புட்டியில் எடுக்க வேண்டும். எடுக்கப்போகும் தண்ணீராலேயே புட்டியை மூன்று முறை அலசிவிட்டுப் பிடி. போர் என்றால் மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் போன பிறகு எடு. புட்டியின் மேல் இடம், ஆழம், நாள் மூன்றையும் எழுதி ஒட்டு. ஃபுளூரைடைப் பரிசோதனைப் பெட்டியால் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் பெர்மாங்கனேட்டை வைத்துத் தரம்பார்த்தல் செய்திருப்பாய். அதே பியூரெட்டையும் பிப்பெட்டையும் வைத்துத் தண்ணீரின் கால்சியத்தையும் அளக்கலாம், அதற்கு வேண்டிய கரைசலைத் தயாரித்துத் தர உன் வேதியியல் ஆசிரியரைக் கேள். பிறகு இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். கால்சியம் குறைந்த இடத்தில் ஃபுளூரைடு கூடுகிறது என்று மேலே படித்தாயே, அது உன் ஊரில் உண்மையா என்று உனக்கே தெரியும். ஓரிரு கிணறு அந்த விதிக்குப் பொருந்தாமல் நிற்கும். அந்தக் கிணறு ஏன் அப்படி இருக்கிறது என்று உனக்கு இரவில் தூக்கம் வராமல் போனால், மாமா என்ன சொன்னாலும் இந்தத் துறையை விடாதே. ஐப்பசி மழைக்குப் பிறகு அதே கிணறுகளில் இன்னொரு முறை எடு. மழைநீர் இறங்கிக் கலந்ததால் எண் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கலாம்.


பதில்: கிருஷ்ணகிரி நீர்ப் பொறியாளர்

பாட்டிக்குச் சொல்லுங்கள்: சென்ற வாரம் நான்கு நாட்கள் மலையோர ஊர்களில் குழாய்ப் பாதையை நடந்தே அளந்துவிட்டு வந்தேன். அளவுகோலைப் பிடித்தது என் கீழ்ப் பணிபுரியும் இரண்டு இளம் பொறியாளர்கள், இருவரும் பெண்கள். களத்தில் கழிப்பறை கிடைப்பதுதான் இன்றும் கடினம். வண்டியும் தங்குமிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, கேட்டால் கிடைக்கிறது. ஆய்வகப் பணியில் பெண்கள் இன்னும் அதிகம்.

ஆசிரியர் ஐயா சொன்ன கிணறுகளின் எண்கள் கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், நானும் பார்க்கிறேன். ஒவ்வொரு கிணற்றிலும் பி.எச். அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மற்ற இரண்டு எண்களையும் விளக்க முடியாது.